அலைவரிசை மாறியதும் காணாமல் போன சேனல்கள்

ஒளிபரப்புக் கோபுரத்தில் அலைவரிசைகளை மாற்றியதும் எங்கள் டிவியில் பாதிச் சேனல்கள் ‘சிக்னல் இல்லை’ என்று நின்றுவிட்டன. டிஜிட்டல் ஒளிபரப்பில் பல சேனல்கள் ஒரே அலைவரிசையில் கட்டாக வருகின்றன. அது இடம் மாறினால் மொத்தக் கட்டும் போய்விடும். பெரும்பாலும் மறுபடி ஸ்கேன் செய்தாலே போதும். செய்தேன். ஒரு கட்டில் உள்ள சேனல்களில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்தது.

டிவி மெனுவில் சிக்னல் அளவைத் திறந்தேன். பலம் கிட்டத்தட்ட முழுசாக இருக்கிறது, தரம் மட்டும் ஏறி இறங்கித் துள்ளுகிறது. இதுதான் முக்கியமான துப்பு. பலம் குறைவென்றால் கேபிளையும் ஆன்டெனாவையும் பார்க்க வேண்டும். பலம் இருந்தும் தரம் இல்லையென்றால் முதல் சந்தேகம், ஆன்டெனா சிக்னலைப் பெருக்கித் தரும் பூஸ்டர் மேல்தான். டிவி சிக்னலோடு 700, 800 மெகாஹெர்ட்ஸ் மொபைல் சிக்னலையும் சேர்த்துப் பெருக்கி அதுவே திணறிப்போகும்.

பூஸ்டரைக் கழற்றி, கேபிளை நேராக டிவியில் செருகினேன். பலம் இறங்கியது, தரம் ஏறி அசையாமல் நின்றது! அப்புறம் பழைய பட்டியலை முழுக்க அழித்துவிட்டு ஸ்கேன் செய்தேன். சில டிவிகளில் வெறுமனே புதுப்பித்தால் செத்த அலைவரிசைகளும் பட்டியலிலேயே தங்கிவிடும். இந்த முறை எல்லாச் சேனலும் வந்துவிட்டன.