சும்மா கிடைக்கும் ஆர்னிதாப்டரை வைத்து ஆடுவது எப்படி?

மேஜிக் த கேதரிங் என்னும் கார்டு விளையாட்டை ஆடத் தொடங்கிய புதிதில், நண்பர் ஒருவர் தனக்கு வேண்டாத கார்டுகளை ஒரு கட்டாகக் கட்டிக் கொடுத்தார். அதில் நான்கு ஆர்னிதாப்டர் இருந்தன. "இது எதற்கு?" என்று கேட்டேன். "புக்மார்க்காக வைத்துக்கொள்" என்றார். பிறகு பல மாதம் அவரை அதே நான்கு கார்டால்தான் அடித்தேன். எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: கார்டை முழுசாகப் படியுங்கள்

ஆர்னிதாப்டர் 1994-இல் ஆன்டிக்விட்டீஸ் தொகுப்பில் வந்த பழைய கார்டு. இறக்க மானா (கார்டை இறக்கச் செலவழிக்கும் சக்தி, அதற்கு நிறமும் உண்டு) 0. அடிக்கும் பலம் 0, தாங்கும் பலம் 2. பறக்கும். புதியவர்கள் அந்த முதல் 0-வையும் இரண்டாம் 0-வையும் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுவார்கள். ஆனால் அது கிரீச்சர் (தாக்கவும் தடுக்கவும் செய்யும் கார்டு) மட்டுமல்ல, ஆர்ட்டிஃபாக்டும் (கருவி வகைக் கார்டு) கூட. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே ஒப்புக்கொள்கிறேன். இது இலவசம் இல்லை. மானா செலவில்லை, சரி. ஆனால் கையில் இருக்கும் 7 கார்டில் ஒன்றைத் தின்றுவிடுகிறது. அந்த ஒரு கார்டுக்கு ஈடான வேலையை அதனிடம் வாங்க வேண்டும். தனியாக விட்டால் அது அந்த வேலையைச் செய்யாது, கூட்டாளிகள் வேண்டும்.

படி 2: கூட்டாளிகளைச் சேருங்கள்

60 கார்டு டெக்கில் (ஆடும் கட்டில்) இவற்றை நான்கு நான்காக வையுங்கள்: ஆர்னிதாப்டர், மெம்னைட் (இதுவும் 0 மானா, 1/1, அதாவது அடிக்கும் பலம் 1, தாங்கும் பலம் 1), ஸ்பிரிங்லீஃப் டிரம், கிரேனியல் பிளேட்டிங், என்சோல் ஆர்ட்டிஃபாக்ட், கால்வானிக் பிளாஸ்ட். லேண்டில் (மானா தரும் கார்டுகளில்) டார்க்ஸ்டீல் சிட்டாடல் நான்கு கட்டாயம், ஏனென்றால் அது லேண்டாக இருந்துகொண்டே ஆர்ட்டிஃபாக்டாகவும் கணக்கில் வரும். மீதி லேண்டு நீலமும் சிவப்பும். மிச்ச இடத்தில் உங்களிடம் இருக்கும் மலிவான ஆர்ட்டிஃபாக்டுகளைப் போடுங்கள்.

படி 3: முதல் டர்ன்

இதை மேஜையில் கார்டுகளைப் பரப்பிவைத்துச் செய்து பாருங்கள். சிட்டாடலை இறக்குங்கள். ஆர்னிதாப்டரைச் சும்மா இறக்குங்கள். சிட்டாடலை டேப் செய்து, அதாவது பக்கவாட்டில் திருப்பி, அந்த ஒரு மானாவில் டிரம்மை இறக்குங்கள்.

டிரம் கேட்பது இதுதான்: தன்னையும், உங்களிடம் டேப் ஆகாமல் இருக்கும் ஒரு கிரீச்சரையும் டேப் செய்தால், எந்த நிறத்திலும் ஒரு மானா தரும். இப்போதுதானே இறங்கிய கிரீச்சர், அதை டேப் செய்யலாமா? செய்யலாம். புதிதாக இறங்கிய கிரீச்சர் தாக்கக் கூடாது, டேப் குறி போட்ட தன்னுடைய திறனையும் அந்த டர்னில் பயன்படுத்தக் கூடாது. இங்கே திறன் டிரம்முடையது. ஆர்னிதாப்டர் வெறும் கூலி. இந்த நுணுக்கத்தில் எதிராளி கட்டாயம் சண்டைக்கு வருவார், பொறுமையாக விளக்குங்கள்.

கிடைத்த மானாவைச் சிவப்பாக எடுத்து கால்வானிக் பிளாஸ்ட் போடுங்கள். சாதாரணமாக 2 சேதம். உங்களிடம் மூன்று ஆர்ட்டிஃபாக்ட் இருந்தால் 4. சிட்டாடல், ஆர்னிதாப்டர், டிரம், மூன்று ஆயிற்று. முதல் டர்னிலேயே எதிராளியின் 20 உயிரில் 4 போயிற்று.

படி 4: இரண்டாம் டர்ன்

இங்கே இரண்டு வழி. முதல் வழி என்சோல் ஆர்ட்டிஃபாக்ட். இரண்டு மானா, அதில் ஒன்று நீலம். அதை ஆர்னிதாப்டர் மேல் ஒட்டினால் 5/5 ஆகிவிடும், பறப்பதும் போகாது. இரண்டாம் டர்னில் 5/5 பறவை! நான்கு அடியில் ஆட்டம் முடிந்துவிடும்.

இரண்டாவது வழி கிரேனியல் பிளேட்டிங். இறக்க இரண்டு, மாட்ட ஒன்று. உங்களிடம் எத்தனை ஆர்ட்டிஃபாக்ட் இருக்கிறதோ அத்தனை அடிக்கும் பலம் கூடும், பிளேட்டிங்கும் அந்தக் கணக்கில் சேரும். மூன்றாவது மானாவை டிரம்மில் எடுக்கும்போது மெம்னைட்டை டேப் செய்யுங்கள். ஆர்னிதாப்டரை டேப் செய்துவிட்டால் அது தாக்க முடியாது. நான் இந்தத் தப்பைச் செய்துவிட்டு அசடு வழிந்ததை எண்ணினால் விரல் போதாது.

எனக்குப் பிடித்தது பிளேட்டிங்தான். ஆர்னிதாப்டர் செத்தாலும் பிளேட்டிங் மேஜையில் நிற்கும், அடுத்த ஆளுக்கு மாட்டலாம். என்சோல் அப்படியில்லை, ஒட்டிய உடம்போடு சேர்ந்து போய்விடும்.

படி 5: காப்பாற்றுங்கள்

என்சோல் போடும் அந்தக் கணம்தான் ஆபத்து. கார்டு இன்னும் ஒட்டவில்லை, ஆர்னிதாப்டர் இன்னும் 0/2. அந்த இடைவெளியில் எதிராளி லைட்னிங் போல்ட் போட்டால் 3 சேதம். பறவையும் போயிற்று, என்சோலும் வீண். ஒட்டி 5/5 ஆன பிறகு அதே போல்ட் ஒன்றும் செய்யாது. ஆகவே எதிராளியின் லேண்டு எல்லாம் டேப் ஆகியிருக்கும் நேரம் பார்த்துப் போடுங்கள்.

காத்திருக்க முடியாவிட்டால் வெல்டிங் ஜார் ஒன்று முன்னாலேயே இறங்கியிருக்கட்டும். அதற்கும் 0 மானாதான். போல்ட் வரும்போது ஜாரைப் பலி கொடுத்தால் ஆர்னிதாப்டர் சாகாது. டேப் ஆகிவிடும், அந்த டர்ன் தாக்க முடியாது, அவ்வளவுதான். ஆனால் பாத் டு எக்ஸைல் போல ஆட்டத்தைவிட்டே வெளியேற்றும் கார்டிடம் ஜார் பலிக்காது. போல்ட் போல அழிக்கும் கார்டுக்குப் பயமாக இருந்தால் என்சோலைச் சிட்டாடல் மேல் ஒட்டுங்கள். பறக்காது, ஆனால் அழிக்கவும் முடியாது.

படி 6: தடுக்கவும் விடுங்கள்

எல்லாரும் மறக்கும் வேலை இது. 1/1 பறக்கும் டோக்கன்களை (வேறு கார்டுகள் உருவாக்கும் குட்டி கிரீச்சர்களை) வைத்து ஆடுபவருக்கு எதிராக ஆர்னிதாப்டர் சுவர் மாதிரி நிற்கும். ஒவ்வொரு டர்னிலும் தடுக்கும், சாகாது. பெரிய மிருகம் வந்தால் முன்னே தள்ளி ஒரு டர்ன் வாங்கிக்கொள்ளலாம். சிறு துரும்பும் பல் குத்த உதவும்.

படி 7: எப்போது வெளியே எடுப்பது

எதிராளி பைரோகிளாஸம் வைத்திருந்தால் (எல்லாக் கிரீச்சருக்கும் 2 சேதம்) கையில் உள்ள பறவைகளை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். ஸ்டோனி சைலன்ஸ் வந்துவிட்டால் டிரம் அடிக்காது, பிளேட்டிங்கை மாட்ட முடியாது. அப்போது என்சோல் ஒன்றே துணை. நீங்கள் ஆடுவது ஆர்ட்டிஃபாக்டே இல்லாத பச்சை டெக் என்றால், நண்பர் சொன்னதுபோல் புக்மார்க்காகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு பயிற்சி. டெக்கைக் கலைத்து, ஏழு ஏழாகப் பத்து முறை எடுத்துப் பாருங்கள். ஆர்னிதாப்டர் வந்த கைகளில், அதோடு டிரம்மோ பிளேட்டிங்கோ என்சோலோ எத்தனை முறை சேர்ந்து வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் தனியாகவே வந்தால் கூட்டாளிகள் போதவில்லை. இன்னும் இரண்டு மூன்று சேர்த்துவிட்டு மறுபடி எண்ணுங்கள்.