ஓடையை வற்றவைக்காமல் மின்சாரம்: சிறு நீர்மின் அமைப்பைத் திட்டமிடும் முறை

சிறு நீர்மின் அமைப்பில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஓடையில் எவ்வளவு நீரை விட்டுவைக்க வேண்டும் என்பதுதான். இதில் மேட்டில் நீர் குழாய்வாய் வழியே இறங்கி, கீழே டர்பைனை (மின்னாக்கியை ஓட்டும் சக்கரத்தை) சுழற்றிவிட்டு மீண்டும் ஓடையில் சேரும். குழாய்வாய்க்கும் டர்பைனுக்கும் இடைப்பட்ட ஓடைப்பகுதி காய்ந்தால் மீனும் புழுபூச்சியும் அங்கே அற்றுப்போகும்.

நீரோட்டத்தை ஆண்டின் மிக வறண்ட மாதத்தில் அளக்க வேண்டும். மழைக்காலத்தில் அளந்து வாங்கிய டர்பைன் பாதி ஆண்டு சும்மா கிடக்கும். நேரான 10 மீட்டர் நீளத்தைத் தேர்ந்தெடுத்து, பாதி நீர் நிரப்பிய பாட்டிலை நடு ஓட்டத்தில் ஐந்து முறை மிதக்கவிட்டுச் சராசரி நேரம் எடுங்கள். அகலம் 1.5 மீட்டர், சராசரி ஆழம் 20 செ.மீ., நேரம் 50 விநாடி என்றால் மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 0.2 மீட்டர். அடியிலும் கரையிலும் நீர் மெதுவாக ஓடும் என்பதால், கல் நிறைந்த ஓடையில் இதை 0.7 ஆல் பெருக்க வேண்டும். அதை அகலத்தாலும் ஆழத்தாலும் பெருக்கினால் விடை: விநாடிக்கு 42 லிட்டர். 0.7 ஆல் பெருக்க மறந்தால் இல்லாத நீரை நம்பித் திட்டமிடுவீர்கள். வறண்ட மாதம் மட்டும் போதாது. ஆண்டு முழுவதும் மாதம் ஒருமுறை அளந்து குறித்து வையுங்கள்.

1976இல் அமெரிக்காவில் டொனால்ட் டெனன்ட் முன்வைத்த அளவுகோல் இன்றும் தொடக்கக் கணக்குக்கு உதவுகிறது. ஆண்டுச் சராசரி நீரோட்டத்தில் 10% ஓடினால் உயிரினங்கள் சில நாள் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். 30% ஓடினால் ஓரளவு நன்றாக வாழும். சராசரி விநாடிக்கு 80 லிட்டர் என்றால் 25 லிட்டரைத் தொடக்கூடாத நீர் என்று வையுங்கள். உரிமம் தரும் துறை கூடுதலாகக் கேட்டால் அதுவே கணக்கு.

அந்த நீரை ஆளை நம்பி விடாதீர்கள். மின்சாரம் குறையும் நாளில் யாராவது ஒருவர் மதகை அடைத்துவிடுவார். தடுப்பணையிலேயே 90 பாகை முக்கோண வெட்டு ஒன்றைத் தகட்டில் அமையுங்கள். வெட்டின் கூர்முனை, குழாய்த்தொட்டியின் (குழாய் தொடங்கும் தொட்டியின்) நீர் நுழையும் விளிம்பைவிட 20 செ.மீ. தாழ்வாக இருக்கட்டும். வெட்டு வழியே ஏறத்தாழ 25 லிட்டர் போன பிறகுதான் நீர் தொட்டி விளிம்பை எட்டும். விளிம்பு 2 மீட்டர் நீளம் இருந்தால், மட்டம் 2 செ.மீ. உயர்ந்ததும் தொட்டிக்கு 10 லிட்டர் வரும். அப்போது வெட்டில் 31 லிட்டர் போகும். விளிம்பு குறுகலாக இருந்தால் மட்டம் இன்னும் உயர்ந்து, கூடுதல் நீர் வெட்டிலேயே போய்விடும். அந்த நேரத்தில் வெட்டை அடைக்கத் தோன்றும். விளிம்பைத்தான் நீட்ட வேண்டும்.

தொட்டியிலிருந்து டர்பைன் வரை நீர் இறங்கும் உயரத்தைக் கொத்தனார் பயன்படுத்தும் லெவல் டியூப் (நீர் நிரப்பிய குழாய்) கொண்டு படிப்படியாக அளக்கலாம். டியூபில் காற்றுக்குமிழ் நின்றால் அளவு பிசகும். விநாடிக்கு 10 லிட்டர், 20 மீட்டர் உயரம், இழப்புகள் போக 5 என்ற பெருக்கெண்: 5 × 10 × 20 = 1,000 வாட். நாள் முழுக்க ஓடினால் 24 யூனிட்.

குழாயில் கஞ்சத்தனம் வேண்டாம். 10 லிட்டருக்கு 100 மி.மீ. உள்விட்டமுள்ள பிவிசி குழாய் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரத்தை உராய்வில் இழக்கும். விட்டம் பாதியானால் இழப்பு ஏறத்தாழ 30 மடங்கு. தொட்டியில் குழாய்வாய் நீர்மட்டத்துக்கு 40 செ.மீ. கீழே இருந்தால் சுழல் உண்டாகிக் காற்று நுழையாது. குழாயின் கீழ்முனையில், திருகித் திருகி மெதுவாக மூடும் கேட் வால்வு போடுங்கள்; கால் சுற்றில் மூடும் பால் வால்வைச் (ball valve) சட்டென்று மூடினால் ஓடும் நீர் மோதிக் குழாய் வெடிக்கும். வால்வை மெதுவாகத் திறப்பது மீனுக்கும் நல்லது: இடைப்பகுதியில் மட்டம் திடீரென இறங்கினால் குஞ்சுகள் கரைக் குழிகளில் சிக்கி மடியும்.

தொட்டியில் சேர்ந்த வண்டலை வெள்ளம் ஓடும்போது மட்டும் திறந்துவிடுங்கள். கோடையில் திறந்தால் அது கூழாங்கல் இடுக்குகளை அடைத்து, அங்குள்ள மீன் முட்டைகளை மூச்சுமுட்ட வைக்கும்.

வறட்சியில் தொட்டிக்கு நீர் வராத வாரங்களும் இருக்கும். வானம் தெளிந்திருக்கும் அந்நாட்களுக்குச் சூரியத் தகடும் பேட்டரியும் முதல் நாளிலிருந்தே திட்டத்தில் இருக்கட்டும். அப்போது வால்வை மூடிவிட்டு, வெட்டில் எவ்வளவு நீர் வந்தாலும் அத்தனையையும் ஓடைக்கே விடுங்கள்.