ஓஎம்டியின் இரண்டாவது இன்னிங்ஸை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

முதல் வேலை, போனில் ஷஃபிளை அணைப்பது. அப்படியே செட்டிங்ஸுக்குள் போய், ஒரு பாட்டு முடியும்போதே அடுத்ததைக் கலந்துவிடும் கிராஸ்ஃபேடைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பேஸ் பூஸ்ட் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். நான் சொல்லப்போகிற ஓஎம்டி ஆல்பங்களில் இரண்டு நிமிடம்கூட ஓடாத, பேச்சுக் குரல்களை வெட்டி ஒட்டிய துண்டுகள் உண்டு. ஷஃபிளில் தனியாக வந்தால் ஏதோ விளம்பரம் என்று தாண்டிப் போய்விடுவீர்கள்.

ஆர்கெஸ்ட்ரல் மனூவர்ஸ் இன் த டார்க் என்று முழுப்பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, ஓஎம்டிதான். லிவர்பூலிலிருந்து மெர்சி ஆற்றைத் தாண்டினால் வரும் விர்ரல் பகுதிப் பையன்கள் ஆண்டி மெக்லஸ்கியும் பால் ஹம்ஃப்ரீஸும் 1978இல் தொடங்கிய எலக்ட்ரானிக் பாப் குழு. 'எனோலா கே' கேட்டிருப்பீர்கள். 'இஃப் யூ லீவ்' கேட்டிருக்கலாம். பெரும்பாலானவர்கள் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

நடுக்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1989இல் இருவரும் பிரிந்தார்கள். மெக்லஸ்கி அதே பெயரில் தனியாக ஓட்டி, 1991இல் 'சுகர் டாக்ஸ்' என்ற வெற்றி ஆல்பம் கொடுத்து, 1996இல் கடையைச் சாத்தினார். அப்புறம் அவர் செய்தது யாரும் எதிர்பார்க்காத வேலை. ஸ்டூவர்ட் கெர்ஷா என்பவரோடு சேர்ந்து அட்டாமிக் கிட்டன் என்ற பெண்கள் குழுவை உருவாக்கினார். அவர்கள் பாடிய 'ஹோல் அகெய்ன்' 2001இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. கெர்ஷா என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளில் குழுவில் இருந்த நால்வரும் மறுபடி சேர்ந்து, 2007இல் 'ஆர்க்கிடெக்சர் அண்ட் மொராலிட்டி' ஆல்பத்தை முழுதாக மேடையேற்றினார்கள். அதோடு பழைய பாட்டைப் பாடியே காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் 2010, 2013, 2017, 2023 என்று நான்கு புது ஆல்பங்கள் வந்தன. எண்பதுகளின் பின்பாதியில் இவர்கள் செய்ததைவிட இவற்றில் சரக்கு அதிகம் என்பது என் கட்சி.

வருட வரிசைப்படி கேட்காதீர்கள். 2010இன் 'ஹிஸ்டரி ஆஃப் மாடர்ன்' நீளம், கலவை. அதிலிருந்து தொடங்கியவர்கள் பாதியில் எழுந்து போனதைப் பார்த்திருக்கிறேன். 2013இன் 'இங்கிலிஷ் எலக்ட்ரிக்'கில் தொடங்குங்கள். ஆனால் அதற்கு முதல் நாள் 1983இன் 'டாஸில் ஷிப்ஸ்' ஒருமுறை கேட்டுவிடுங்கள். இந்த ஜோடியில்தான் விஷயமே இருக்கிறது.

'டாஸில் ஷிப்ஸ்' வந்தபோது இவர்கள் உச்சத்தில் இருந்தார்கள். முந்தைய ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றிருந்தது. கேட்பவர்கள் அதே மாதிரி இன்னொன்றை எதிர்பார்க்க, இவர்களோ பிராக் வானொலியின் அடையாள இசையையும், பல நாடுகளில் தொலைபேசியில் நேரம் சொல்லும் குரல்களையும் பதிந்து கொடுத்தார்கள். ரசிகர்கள் ஓடிவிட்டார்கள். குழுவும் பயந்துபோய்ப் பாதுகாப்பான பாப் பக்கம் ஒதுங்கியது. முப்பது வருடம் கழித்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கியதுதான் 'இங்கிலிஷ் எலக்ட்ரிக்'. ரயில் எஞ்சினும் விமானமும் செய்த பழைய பிரிட்டிஷ் கம்பெனியின் பெயர் அது. முதல் துண்டிலேயே ஓர் அறிவிப்புக் குரல், நீங்கள் எதிர்பார்த்த எதிர்காலம் ரத்தாகிவிட்டது, இருக்கையிலேயே இருங்கள் என்கிறது. ரயில் நிலையத்தில் கேட்கிற அதே சலனமில்லாத குரல். அடுத்து வரும் 'மெட்ரோலேண்ட்' ஏழு நிமிடத்துக்கு மேல். குரல் அவசரப்பட்டு உள்ளே வராது, பொறுங்கள். ஜெர்மன் எலக்ட்ரானிக் குழுவான கிராஃப்ட்வெர்க்கின் 'யூரோப் எண்ட்லெஸ்' தெரிந்தவருக்கு இது யார் வீட்டுப் பிள்ளை என்று உடனே தெரிந்துவிடும். அதை இவர்கள் மறைப்பதும் இல்லை. 1975 செப்டம்பர் 11 அன்று லிவர்பூல் எம்பயர் அரங்கில் கிராஃப்ட்வெர்க்கைப் பார்த்த பதினாறு வயதுப் பையன் மெக்லஸ்கி. உட்கார்ந்த இருக்கை எண் க்யூ 36 என்பதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதே ஆல்பத்தில் உள்ள 'கிஸ்ஸிங் த மெஷின்', கிராஃப்ட்வெர்க்கில் இருந்த கார்ல் பார்ட்டோஸோடு அவர் சேர்ந்து எழுதி, 1993இல் பார்ட்டோஸின் ஆல்பத்தில் வந்த பாட்டு.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு பயிற்சி. கல்யாண வரவேற்புகளில் கீபோர்டு வாசிக்கிறவன் நான், அதனால் இதைச் சொல்லாமல் விடமுடியாது. 'எனோலா கே'யை எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு நான்குதான்: எஃப், டி மைனர், பி ஃபிளாட், சி. பாட்டு முழுக்க அதே சுற்று. அதில் வாயால் பாடும் பல்லவி கிடையாது. சரணம் முடிந்ததும் சின்த், அதாவது சிந்தசைசர் என்ற மின்னணுக் கீபோர்டு, வந்து ஒரு மெட்டை வாசிக்கும், அதுதான் பல்லவி. ஒரே விரலால் வாசித்துவிடலாம், முயன்று பாருங்கள். ஆரம்ப நாளில் இவர்களுடைய சின்த், மெக்லஸ்கி அம்மாவின் தபால் வணிகக் கேட்டலாகிலிருந்து வாரத் தவணையில் வாங்கிய கோர்க் மைக்ரோ பிரீசெட். ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் மட்டுமே வரும் கருவி. அந்தக் குறையிலிருந்து பிறந்த பாணி இது. புது ஆல்பங்களில் எந்தப் பாட்டைக் கேட்டாலும், வார்த்தை நின்று கருவி பாட ஆரம்பிக்கும் இடத்தைத் தேடுங்கள். அது வலுவாக இருந்தால் பாட்டு தேறிவிடும். 2017இன் 'ஐஸோடைப்' அந்த விஷயத்தில் நூற்றுக்கு நூறு. 'இங்கிலிஷ் எலக்ட்ரிக்'கில் வரும் 'டிரெஸ்டன்' துள்ளலாக ஓடும், மெட்டும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் குண்டுவீச்சில் எரிந்த நகரத்தைக் காதல் முறிவுக்கு உவமையாக்கியது எனக்கு ஒட்டவில்லை. 'எனோலா கே' ஹிரோஷிமாவில் குண்டு போட்ட விமானத்தின் பெயர்; அந்தப் பாட்டில் அந்த உறுத்தல் இல்லை, அங்கே கேள்வி நேராகவே அணுகுண்டைப் பற்றியது.

அடுத்த ஆல்பங்களுக்கு ஹெட்போனோடு ஒரு திரையும் வேண்டும். 2017 ஆல்பத்தின் தலைப்பான 'த பனிஷ்மெண்ட் ஆஃப் லக்ஷுரி' என்பது ஜியோவானி செகன்டீனி 1891இல் வரைந்த ஓவியத்தின் பெயர். லிவர்பூல் வாக்கர் கலைக்கூடத்தில் இருக்கிறது. பனிவெளிக்கு மேலே இரண்டு பெண்கள் மிதப்பார்கள். படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு முதல் பாட்டைப் போடுங்கள். பாட்டு எவ்வளவு நக்கலாக இருக்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும். 2023இன் 'பவுஹவுஸ் ஸ்டேர்கேஸ்' ஆஸ்கர் ஷ்லெம்மரின் ஓவியம், 1932. பவுஹவுஸ் கலைப்பள்ளியின் படிக்கட்டில் மாணவர்கள் ஏறிப்போகும் காட்சி. நாஜிகள் அந்தப் பள்ளிக்கு நெருக்கடி கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. இந்த ஆல்பத்தில் 'கிளெப்டோக்ரஸி'யை (கொள்ளையர் ஆட்சி என்று பொருள்) இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை காலாட்டிக்கொண்டு, இரண்டாவது முறை வரிகளைப் படித்துக்கொண்டு. அறுபது தாண்டிய இருவர் போட்ட இந்த ஆல்பம் பிரிட்டனில் இரண்டாமிடம் வரை போனது. அவர்களுடைய எந்த ஸ்டூடியோ ஆல்பமும் அதற்கு முன் அவ்வளவு மேலே போனதில்லை. அதே நாளில் டெய்லர் ஸ்விஃப்ட் ஆல்பம் வெளியிடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சும்மா யோசித்துப் பார்ப்பேன்.

மேடை வீடியோக்கள் பார்ப்பதாக இருந்தால் ஒரு தகவல். 2013 ஜூலையில் டொராண்டோ நிகழ்ச்சியின்போது டிரம்மர் மால்கம் ஹோம்ஸுக்கு மேடையிலேயே இதயம் நின்றுபோனது. பிழைத்துவிட்டார், ஆனால் அந்த இருக்கைக்கு வேறு ஆள் தேவைப்பட்டது. வந்தவர் கெர்ஷா. 2013க்கு முன் எடுத்தது, பின் எடுத்தது என்று இரண்டையும் பார்த்தால் தாளத்தின் எடை மாறியிருப்பது தெரியும். மெக்லஸ்கியின் நடனம் மட்டும் மாறவே இல்லை. கையும் காலும் ஆளுக்கொரு பக்கம் போகும், பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போகும்.

இதெல்லாம் முடித்தபின் 'ஹிஸ்டரி ஆஃப் மாடர்ன்' பக்கம் போங்கள். தலைப்புப் பாட்டின் முதல் பகுதி, 'சிஸ்டர் மேரி சேஸ்', கடைசியில் வரும் நீளமான 'த ரைட் சைட்' மூன்றும் கட்டாயம். 'ஆர்எஃப்டபிள்யூகே' கிராஃப்ட்வெர்க் நால்வரின் முதலெழுத்துகள், அதையும் சேர்த்துக்கொள்ளலாம். 'பல்ஸ்' வந்தால் தயங்காமல் தாண்டிவிடுங்கள்.