மண்சரிவில் லயம் போனால்: முதலில் அடுப்பை எண்ணுங்கள்

இலங்கை மலையகத் தோட்டத்தில் மண் சரிந்து லயம், அதாவது தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் வரிசை வீடு, போனால் முதல் ரெண்டு நாளும் சோறு, பாய், போர்வை எல்லாம் எங்கிருந்தாவது வந்துவிடும், நம் சனம் அதில் குறை வைப்பதில்லை. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு மறுபடியும் ஒரு வீடு கிடைக்குமா என்பது அந்த வாரம் எழுதப்படும் பெயர்ப்பட்டியலில்தான் இருக்கிறது. அதனால் உதவிக்குப் போகிறவர்கள் கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

பட்டியலைப் பெரும்பாலும் காம்பரா (லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த அறை) நம்பர்படிதான் எழுதுவார்கள். முகாமாக இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பெயர் எழுதும்போது ஒரு அம்மாவிடம் எத்தனை வீடு என்று கேட்டேன், ஒன்று என்றார். சரி, எத்தனை அடுப்பு என்று கேட்டதும் விரலை மடக்க ஆரம்பித்தார்: தன்னுடையது, மூத்த மகனுடையது, இஸ்தோப்பை (முன் திண்ணையை) தகரத்தால் அடைத்து அந்த மூலையில் சின்ன மருமகள் வைத்திருந்த மண்ணெண்ணெய் அடுப்பு. மூன்று குடும்பம்! ஒன்றென்று எழுதியிருந்தால் பிறகு ஒரு வீட்டுக்குள்தான் மூன்று பேரும் அடைந்திருக்க வேண்டும். தோட்டத்தில் பெயர் பதியாமல் கொழும்பில் கடையில் வேலை செய்கிற பிள்ளைகளின் குடும்பமும் இப்படித்தான் விடுபட்டுப்போகும், செக்ரோலை, அதாவது தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் பெயர்ப் பதிவை, மட்டும் பார்த்து எழுதினால் அவர்கள் அதில் இருக்கவே மாட்டார்கள்.

எழுதியதை கிராம சேவகரிடம் கொடுத்து, அவருடைய பட்டியலோடு ஒவ்வொரு பெயராக ஒத்துப்பாருங்கள். லயத்துக்கு உறுதி (சொத்துப் பத்திரம்) கிடையாது, காணி அரசாங்கத்துடையது, தோட்டக் கம்பனி குத்தகைக்கு வைத்திருக்கிறது. அதனால் இங்கேதான் இருந்தோம் என்று காட்ட வாக்காளர் இடாப்பு, பிள்ளையின் பள்ளிக்கூடப் பதிவு, கிளினிக் கொப்பி, தோட்ட ஆபிஸ் கடிதம் என்று கிடைப்பதையெல்லாம் சேர்க்க வேண்டும். அடையாள அட்டை மண்ணுக்குள் போயிருந்தால் முதலில் பொலிசில் ஒரு முறைப்பாடு போடுங்கள். விளங்காத மொழியில் உள்ள படிவத்தில் யாரையும் கையெழுத்து வைக்க விடாதீர்கள், தமிழில் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

அப்புறம், முகாமாக இருக்கும் பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கினால் பழைய லயத்துக்கே திரும்பிப் போகச் சொல்லும் பேச்சு வரும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்கள் வந்து பார்த்து, இருக்கலாம் என்று எழுத்தில் தரும்வரை போகக் கூடாது. அவர்கள் வந்து பார்க்கும்படி பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்டு, கொடுத்த கடிதத்தின் பிரதியில் சீல் வாங்கி வையுங்கள். நிலத்தில் புது வெடிப்பு, மரம் சாய்வது, திடீரென்று கலங்கிய ஊற்று, இதில் எது தெரிந்தாலும் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் முதலில் இறங்கிவிட்டு, பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.

வாடகைக்கு இடம் பார்க்கும்போது பிரட்டுக்களத்துக்கும் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்) பள்ளிக்கூடத்துக்கும் நடந்து போகிற தூரமா என்று பாருங்கள், பஸ் காசிலேயே நாள் சம்பளம் கரைந்தால் அந்தக் குடும்பம் ஒரே மாதத்தில் திரும்பிவிடும். இது நீண்ட வேலை. பதுளை மாவட்டத்து மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண் சரிந்தது, புது வீடு கைக்கு வர 2016 ஆனது. அத்தனை நாளும் மாதம் ஒருமுறையாவது அந்தக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறதென்று போய்ப் பார்க்க ஒருவர் வேண்டும், அந்த ஒருவராக நீங்கள் இருங்கள். கடைசியில் காணி உறுதி எழுதும் நாளிலும் கூடவே போங்கள், புருஷன் பெயரோடு மனைவி பெயரும் அதில் இருக்கிறதா என்று வாசித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.