பிறர் இட்ட அடையாளங்களைக் கழற்றி வைப்பது எப்படி?

சாதி, மதம், ‘இன்னார் மருமகள்’ என்று பிறர் உங்களுக்கு இட்ட அடையாளங்களை ஒரு தாளில் எழுதி, நீங்களே விரும்பி ஏற்றவற்றை மட்டும் அடிக்கோடிடுங்கள். மார்த்தாண்டம் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் “நீங்க என்ன ஆளுக?” என்று கேட்டால், செய்யும் தொழிலைச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் விளக்கம் தரும் கடமை உங்களுக்கு இல்லை.

குமரி மண்ணுக்கு இது புதிதன்று. மார்பை மறைக்கும் மேலாடையான தோள்சீலையை அணிய, சாதியின் பேரால் மறுக்கப்பட்ட உரிமைக்காகப் பெண்கள் பல்லாண்டுகள் போராடி, 1859இல் திருவிதாங்கூர் அரசின் ஆணையைப் பெற்றார்கள். அய்யா வைகுண்டரின் வழிபாட்டுத் தலமான சாமித்தோப்புப் பதியில், ஒருகாலத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மறுக்கப்பட்ட தலைப்பாகையை ஆண்கள் இன்றும் கட்டிக்கொண்டு, தம் முகம் தெரியும் கண்ணாடியின் முன் வணங்குகிறார்கள்.

வீட்டுக் கண்ணாடியின் முன் நாளும் இரண்டு நிமிடம் அவ்வாறே நிமிர்ந்து நில்லுங்கள். பிறகு, வீட்டில் வேறொருவர் வைத்திருக்கும் உங்கள் வங்கிக் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். அன்பாக மறுப்பவரிடம் கேட்பதுதான் மிகக் கடினம் என்பதால், கேட்கும் நாளை முன்னரே குறித்துக்கொள்ளுங்கள்.