சில்வர் பீச்சில் நிலாவை அளப்பது எப்படி?

மாசி மகத்தன்று கடலூர் தேவனாம்பட்டினத்தில், அதாவது சில்வர் பீச்சில், தீர்த்தவாரி முடிந்து, சாயங்காலம் கடலுக்கு மேலே நிலா எழும்பும்போது, "இன்னிக்கு நிலா கிட்ட வந்திருக்கு பாரு" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். பார்த்தால் அப்படித்தான் இருக்கும், தாம்பாளம் மாதிரி. ஆனால் அது கிட்ட வரவில்லை. இதை நான் சொல்லி நீங்கள் நம்புவதைவிட நீங்களே அளந்து பார்ப்பது நல்லது, வீட்டில் இருக்கும் சாமானே போதும்.

பழைய நோட்டு அட்டை ஒன்றில் பஞ்சிங் மெஷினால் ஓர் ஓட்டை போடுங்கள். அது பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் இருக்கும், ஆனாலும் ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நூல் எடுத்து ஒரு முனையை ஓட்டைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே நிலா எழுந்துவிடும், அதனால் ஆறு மணிக்கே கரைக்குப் போய்விடுங்கள். மறுநாள் போனால் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக வரும்.

அட்டையை இன்னொருவர் பிடிக்கட்டும். ஒரு கண்ணை மூடி ஓட்டை வழியாக நிலாவைப் பார்த்தபடி மெதுவாகப் பின்னால் போங்கள். கிட்டத்தில் நிலாவைச் சுற்றி ஓட்டையில் இடம் மிச்சம் இருக்கும், போகப் போக அது குறைந்து ஓர் இடத்தில் நிலா ஓட்டைக்குள் கச்சிதமாகப் பொருந்தும். அங்கே நூலை இழுத்து, கண்ணுக்குக் கீழே கன்னத்தில் படும் இடத்தில் முடிச்சுப் போடுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு, நிலா மேலே ஏறிச் சின்னதாகத் தெரியும்போது, அதே ஓட்டை, அதே முடிச்சு. நிலா அப்போதும் சரியாகப் பொருந்தும்! பெரிதாகத் தெரிந்தது நம் மூளையின் கணிப்பு, நிலா மாறவில்லை. சொல்லப்போனால் அடிவானத்தில் இருக்கும்போதுதான் அது நமக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது, ஏனென்றால் நிலா தலைக்கு மேலே வரும்போது நாம் கிட்டத்தட்ட பூமியின் ஆரம் அளவுக்கு, அதாவது 6,400 கிலோமீட்டர் வரை, அதை நெருங்கியிருப்போம்.

இதையே சூரியனுக்குச் செய்து பார்க்கவே கூடாது, கண் போய்விடும்.

சரி, இப்போது கணக்கு. நூல் 66 செ.மீ. வந்தது என்று வையுங்கள். 660 மி.மீ.யை 6-ஆல் வகுத்தால் 110. அதாவது நிலா தன் விட்டத்தைப் போல 110 மடங்கு தூரத்தில் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் படித்த வடிவொத்த முக்கோணம்தான் இது: கண் ஒரு முனை, ஓட்டை சின்ன முக்கோணத்தின் அடி, நிலா பெரிய முக்கோணத்தின் அடி. நிலாவின் விட்டம் 3,474 கி.மீ., 110-ஆல் பெருக்கினால் 3,82,140 கி.மீ. சராசரி தூரம் 3,84,400. ஒரு முழம் நூலுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

ஒன்றைக் கவனியுங்கள், நூல் தருவது அந்த 110-ஐ மட்டும்தான். கிட்டத்தில் இருக்கும் சின்ன நிலாவா, தூரத்தில் இருக்கும் பெரிய நிலாவா என்று அதற்குத் தெரியாது, விட்டத்தை வேறு வழியில்தான் கண்டுபிடிக்க வேண்டும். சந்திர கிரகணத்தில் நிலாவின் மேல் விழும் பூமியின் நிழலை வைத்து கிரேக்கர்கள் அதற்கு முயன்றார்கள்.

உங்களுக்கு 100, 120 என்று வந்தால் பயப்படாதீர்கள். ஓட்டையை 0.3 மி.மீ. தப்பாக அளந்தாலே விடை 5 சதவீதம் மாறிவிடும். நன்றாக இருட்டிவிட்டால் நிலாவின் கூச்சத்தில் விளிம்பு பரந்து தெரியும், அதனால் வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போதே அளப்பது நல்லது.

அப்புறம், அந்த முடிச்சை அவிழ்க்காதீர்கள். அதே ஆள், அதே அட்டை, ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அதே நூலில் புது முடிச்சு. நிலாவின் பாதை சரியான வட்டம் இல்லை, தூரம் சுமார் 3,57,000-லிருந்து 4,06,000 கி.மீ. வரை மாறும், அதனால் 6 மி.மீ. ஓட்டைக்கு முடிச்சு சுமார் 62 செ.மீ.க்கும் 70 செ.மீ.க்கும் நடுவே நகர்ந்துகொண்டே இருக்கும்.