தொடக்கப் பள்ளி பிள்ளைகளின் நலனைக் கவனிக்கிறதா? நாமே அளந்து பார்க்கும் வழி

பள்ளி மேலாண்மைக் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். ஆனால் கூட்டத்துக்குப் போய், கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டு வருவதோடு பலருக்கு வேலை முடிந்துவிடுகிறது. ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் இன்னும் கொஞ்சம் செய்யலாம்.

படி 1: 'உண்டு' என்பதை நம்பாதீர்கள்

பதிவேட்டில் கழிப்பறை உண்டு, குடிநீர் உண்டு, கை கழுவும் இடம் உண்டு என்று இருக்கும். எல்லாம் உண்மையாகவும் இருக்கலாம். நாம் பார்க்க வேண்டியது, பிள்ளைகள் அதைப் பயன்படுத்துகிறார்களா என்பதை. உலக சுகாதார நிறுவனமும் யுனெஸ்கோவும் 2021இல் நலம் வளர்க்கும் பள்ளிகளுக்கென்று 8 தரநிலைகளை வெளியிட்டன. அவை அரசுக் கொள்கையிலிருந்து தொடங்கும் பெரிய விஷயம். ஒரு சின்னப் பள்ளிக்குக் கழிப்பறை, சாப்பாடு, விளையாட்டு, மருத்துவம், மனசு ஆகிய ஐந்தும் போதும்.

படி 2: நாளும் நேரமும்

தலைமை ஆசிரியரிடம் முன்பே அனுமதி கேளுங்கள். எந்த நாள் என்று மட்டும் சொல்லாதீர்கள். மூன்று நாள் போக வேண்டும், அதில் ஒன்று திங்கட்கிழமையாக இருக்கட்டும். இரண்டு நாள் பூட்டிக் கிடந்த பள்ளியின் தண்ணீர்த் தொட்டி அன்றுதான் உண்மை பேசும். காலை இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்னால் போய் நின்றுவிடுங்கள்.

படி 3: கழிப்பறை

இதற்குத்தான் நிறைய நேரம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி 25 மாணவிகளுக்கு ஒரு கழிப்பறை. 50 மாணவர்களுக்கு ஒரு கழிப்பறையும் சிறுநீர் கழிக்க ஓர் இடமும். அறைகளை எண்ணி வகுக்காதீர்கள். கதவு திறக்கிறதா, உள்ளே தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால்தான் அது கணக்கில் சேரும்.

நான் முதலில் எண்ணிய பள்ளியில் 62 மாணவிகள், மூன்று அறைகள். காகிதத்தில் பிரமாதம். ஒன்று ஆசிரியர்களுக்கென்று பூட்டியிருந்தது. இன்னொன்றில் தாழ்ப்பாள் இல்லை. ஒரு பிள்ளை உள்ளே போனால் தோழி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்கிறாள். தேறியது ஒன்றே ஒன்று. சாயங்காலம் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களைப் பார்த்தேன். பாதி பாட்டில்கள் காலையில் நிரப்பியபடியே இருந்தன. தண்ணீர் குடித்தால் ஒன்னுக்குப் போக வேண்டுமே!

அப்புறம் சோப்பு. பல இடங்களில் அது பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும், 'பிள்ளைகள் வீணாக்குகிறார்கள்' என்ற காரணத்தோடு. திங்கட்கிழமை புதுச் சோப்பைக் கடைத் தராசில் எடை போட்டு, வெங்காய வலையில் கட்டிக் குழாயருகே தொங்கவிடுங்கள். வெள்ளிக்கிழமை மறுபடி எடை போடுங்கள். கரைந்த கிராம்தான் உங்கள் அளவு.

படி 4: சாப்பாடும் விளையாட்டும்

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. மதியச் சத்துணவு அதற்கும் வெகுகாலம் முந்தியது. எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பது பதிவேட்டிலேயே இருக்கும். நீங்கள் மிச்சம் கொட்டும் வாளியைப் பாருங்கள். உப்புமா நாளில் எவ்வளவு, பொங்கல் நாளில் எவ்வளவு என்று குறியுங்கள்.

விளையாட்டு பீரியட் கால அட்டவணையில் இருக்கும். அந்த நேரத்தில் பிள்ளைகள் மைதானத்தில் ஓடுகிறார்களா, வகுப்பில் வாய்ப்பாடு எழுதுகிறார்களா? எட்டிப் பார்த்தாலே போதும்.

படி 5: மருத்துவம்

மருத்துவக் குழு வந்துபோன தேதியைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். மேல்சிகிச்சைக்குச் சொல்லப்பட்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் மருத்துவமனைக்குப் போனார்கள்? கண்ணாடி வாங்கிய பிள்ளைகளில் இன்று எத்தனை பேர் அதைப் போட்டிருக்கிறார்கள்?

படி 6: மனசு

கேள்வித்தாள் கொடுத்தால் ஏழு வயசுப் பிள்ளை டீச்சர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் எழுதும். அதனால் பீரோவுக்குப் பின்னால் இரண்டு டப்பா வையுங்கள். ஒன்றில் சிரிக்கிற முகம், இன்னொன்றில் அழுகிற முகம். ஆளுக்கொரு புளியங்கொட்டை. "இன்டர்வெல்லில் உன்கூட விளையாட யாராவது இருக்காங்களா?" என்று கேட்டு, ஒவ்வொருவராகப் போய்ப் போடச் சொல்லுங்கள். 31 கொட்டையில் 4 அழுகிற டப்பாவில் விழுந்தால், நாலு பேர் தனியாக நிற்கிறார்கள். யார் என்று துருவாதீர்கள். இடைவேளையில் மைதானத்தைக் கவனிக்க ஆசிரியரிடம் சொல்லுங்கள். அடி, தொல்லை என்று ஒரு பிள்ளை வாய் திறந்து சொன்னால் மட்டும் அது கணக்கில் சேர்க்கும் விஷயமல்ல. உடனே குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள்.

படி 7: மதிப்பெண்

ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 போடுங்கள். எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்க வேண்டாம். நல்ல பொங்கல் தாழ்ப்பாள் இல்லாத கதவை மறைத்துவிடும். ஒரே பக்கத்தில் எழுதிக் கூட்டத்தில் வாசியுங்கள். செலவு குறைந்த ஒன்றை மட்டும் எடுத்துத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். எங்களுக்கு அது தாழ்ப்பாளாக இருந்தது. மூன்று மாதம் கழித்து அதே நேரத்தில் அதே ஆள் போய் எண்ண வேண்டும், தண்ணீர் பாட்டில்களையும் சேர்த்து.